நாபோத்தின் தோட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

அரசன் ஆகாபு நாபோத்திடம் முதலில் பேசியது மிரட்டல் மொழியன்று. அரண்மனையை அடுத்திருந்த திராட்சைத் தோட்டத்தைத் தந்தால் அதைவிட நல்ல தோட்டம் ஒன்றைத் தருவதாகச் சொன்னான். விரும்பினால் விலையைப் பணமாகவே தருவதாகவும் சொன்னான். அந்த நிலத்தில் கீரைத் தோட்டம் அமைப்பது அவனது திட்டம். இன்றைய வணிகக் கணக்கில் பார்த்தால் நாபோத்து மறுத்தது மூடத்தனமாகவே தோன்றும். ஆனால் மூதாதையரிடமிருந்து தன் கைக்கு வந்ததைக் கைமாற்றத் தனக்கு உரிமையில்லை என்று அந்தக் குடியானவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்காகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கல்லெறியுண்டு மாண்டார். அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் வரும் இந்நிகழ்ச்சியைப் பேராசைக்கு எதிரான பாடமாகவே நாம் பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறோம். மரபுரிமை என்பது என்ன, அதை யார் காக்க வேண்டும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

அந்தக் கேள்வியை நாம் யெருசலேமுக்கோ சமாரியாவுக்கோ சென்று கேட்க வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கேட்டாலே போதும்.

பந்தலின் வரலாறு

கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி என்று நீளும் அப்பகுதியில், பத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் பரப்பில் பன்னீர் திராட்சை விளைகிறது. அறிவியலார் அதை 'மஸ்கட் ஆம்பர்க்' என்ற பெயரால் அறிவர். நம் மக்களோ வாயில் இட்டதும் எழும் மணத்தைக் கொண்டு 'பன்னீர்' என்று பெயரிட்டார்கள். ஓர் அயல்நாட்டுக் கொடியைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ள இதைவிட நல்ல ஞானஸ்நானம் வேறில்லை.

இக்கொடியைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர், ஆண்டு 1832 என்பது அங்கு வழங்கும் வரலாறு. 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இச்செய்தியும் நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு குரு கொடியைச் சுமந்து வந்தார் என்றால் அவர் மனத்தில் பலிபீடமும் இருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது. திராட்சை இரசம் இன்றித் திருப்பலி இல்லை. நம் நாட்டிலோ அது எளிதில் கிடைக்கவில்லை. 1599இல் கேரளத்தில் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம், திருப்பலிக்கான இரசத்துக்காகப் போர்ச்சுகல் மன்னரின் உதவியை வேண்ட நேர்ந்தது. கடல் கடந்து வந்த குப்பிகளை நம்பியே நம் பலிபீடங்கள் பல காலம் நின்றன. அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், நம் மண்ணில் வேர்விட்ட முதல் கொடியின் மதிப்பு விளங்கும்.

ஆயினும் கொடியை வளர்த்த பெருமை கொண்டுவந்தவருக்கு உரியதன்று. அது மண்ணின் மக்களுக்கு உரியது. ஐரோப்பாவில் திராட்சைக்கொடி குளிர்காலம் முழுவதும் உறங்கும்; ஆண்டுக்கு ஒருமுறையே கனி தரும். நம் வெப்பத்தில் அதற்கு உறக்கமில்லை. ஆகவே கொடி எப்போது துளிர்க்க வேண்டும் என்பதை நம் உழவர் கவாத்துக் கத்தியால் முடிவு செய்யக் கற்றனர். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் குலை பழுக்கிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். இப்படி ஆண்டு முழுவதும் பள்ளத்தாக்கில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. கற்கால்களை நட்டு, கம்பிகளை இழுத்துக் கட்டி, தலைக்கு மேலே கொடியைப் படரவிடும் பந்தல் முறை வெயிலிலிருந்து குலையைக் காக்கிறது. பூஞ்சண நோய் கண்டால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'போர்டோ கலவை'. பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்தின் பெயர், கம்பத்துக் குடியானவரின் வாயில் அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. நூலறிவு என்று நாம் மதிப்பதற்குச் சற்றும் குறையாத அறிவு இது. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றது. குலையில் நெருங்கிய மணிகளைக் கிள்ளும் தாயின் விரலைப் பார்த்து மகள் கற்றது.

இந்த மரபைத்தான் இன்று மூன்று வகையினர் மூன்று விதமாகப் புறக்கணிக்கின்றனர். அவர்களோடு நமக்கு வழக்கு உண்டு.

"மதுவை எதிர்க்கும் நாம் இதைப் பேசலாமா?"

முதல் வகையினர் நம் வீட்டார். திராட்சை இரச மரபு என்று சொன்னவுடன் அவர்கள் முகம் சுளிக்கின்றனர். குடியினால் தாலி இழந்த பெண்கள் நிறைந்த பங்குகளில் இத்தகைய பேச்சு எதற்கு என்று கேட்கின்றனர்.

அவர்களின் வேதனை நமக்கும் உரியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டதையும், 2003இல் அரசு நிறுவனமே மதுவின் சில்லறை விற்பனையை ஏற்றுக்கொண்டதையும், அதனால் குடும்பங்கள் சிதைந்ததையும் நாம் அறிவோம். 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டத்தில் மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர்நீத்ததை நாம் மறக்கவில்லை. கம்பத்தில் ஒரு மதுக்கடை கூடுவதை நாம் கேட்கவில்லை. இருக்கும் கடைகள் குறையட்டும் என்பதே நம் மன்றாட்டு.

ஆனால் அந்தக் கடைகளில் பெருகி ஓடும் சாராய வகைகளுக்கும் பன்னீர் திராட்சைக்கும் என்ன உறவு? ஆலைகளில் வடிக்கப்படும் போதைக்கான பழியைப் பந்தலின்மேல் சுமத்துவது நீதியாகுமா? திருச்சபையின் வரலாற்றில் இக்குழப்பம் புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டிலேயே, கிண்ணத்தில் தண்ணீரை மட்டும் வைத்துப் பலி நிறைவேற்றியோர் இருந்தனர். கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான் அம்முறையைக் கண்டித்து நீண்ட மடல் வரைந்தார். திராட்சை இரசம் இறைவனின் கொடை, குடிவெறியே அலகையின் வேலை என்ற கருத்தைப் புனித கிறிசோஸ்தோம் தம் மறையுரைகளில் போதித்தார். கொடையை வெறுத்து ஒதுக்குவதால் தீமை ஒழிவதில்லை. கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது அன்னை மரியா கவலைப்பட்டது ஏழை வீட்டாரின் மானத்தைப் பற்றி. இன்று கம்பத்து உழவரின் மானமும் அவ்வாறே நம் கவலைக்கு உரியது.

மேலும், பன்னீர் திராட்சை என்றாலே இரசம் என்பதும் இல்லை. பெரும்பகுதி பழமாகவே உண்ணப்படுகிறது; சாறாகவும் பழக்கூழாகவும் அது பயன்படும். அதைக் காப்பது மதுவுக்குத் துணைபோவது என்று எண்ணுவோர் ஒருமுறை பந்தலடியில் நின்று அந்தப் பழத்தைச் சுவைத்துப் பார்க்கட்டும்.

"சந்தை கேட்பதைப் பயிரிடுங்கள்"

இரண்டாம் வகையினர் ஆகாபின் மொழியில் பேசுவோர். பன்னீர் திராட்சையில் விதை இருக்கிறது, தோல் மெல்லியது, பறித்த சில நாள்களுக்குமேல் தாங்காது, கப்பலேறாது என்று குறைகளை அடுக்குகின்றனர். கொடியைப் பிடுங்கிவிட்டு விதையில்லாத் திராட்சையை வையுங்கள், அல்லது நிலத்தை மனைகளாக்கி விற்றுவிடுங்கள் என்பது அவர்களின் அறிவுரை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறோம், அல்லது பணமாகத் தருகிறோம் என்ற அதே பழைய பேச்சு.

அவர்கள் சொல்லும் குறைகளில் உண்மை உண்டு. மெல்லிய தோலே இந்த உழவரின் துன்பத்துக்கு வேர். நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பழுத்த பன்னீர்க் குலையைக் காக்க வைக்க முடியாது. இதை நன்கு அறிந்த வியாபாரி தோட்டத்து வாசலில் நின்று சொல்லும் விலையே விலையாகிறது. 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு வண்டிகள் நின்றபோது, பழுத்த குலைகளைப் பறிக்கவும் வழியின்றி விற்கவும் வழியின்றி உழவர் தவித்தனர்.

ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து எது என்று தேட வேண்டுமே தவிர, நோயாளியைப் புதைத்துவிடலாம் என்று சொல்லலாகாது. தோல் மெல்லிய பழத்துக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். விற்காத பழத்தை அன்றே சாறாக்கும் ஆலை அருகில் வேண்டும். இதே பள்ளத்தாக்கின் ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவு பக்கத்தில் இருக்கிறது, பழமும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் மனமும் முதலும்தான் குறைகின்றன.

முத்திரை மட்டும் போதுமா?

மூன்றாம் வகையினர் பாராட்டுவோர். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் வாழ்த்துச் சுவரொட்டிகள் எழுந்தன. பெருமைப்படுவது தவறன்று. ஆயினும் அந்தக் குறியீடு என்பது என்ன? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட இடத்தில் விளைந்த பொருளுக்கு மட்டுமே அந்த இடத்தின் பெயர் உரியது என்னும் பாதுகாப்பு அது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயனராக உழவர் தம் பெயரைத் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரும்படி அச்சட்டம் எவரையும் பணிக்கவில்லை. முத்திரை கதவைத் திறக்கும்; உள்ளே நடந்து போக வேண்டியது நாம்.

கொடியைத் தந்த குருவின் நாட்டில் இந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதை இங்கு எண்ணிப் பார்ப்பது நன்று. 1907இல் தென் பிரான்சின் திராட்சை உழவர்கள் தெருவுக்கு வந்தனர். சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி இரசம் சந்தையை நிரப்பி அவர்களது உழைப்பை மண்ணாக்கியிருந்தது. நார்போன் நகரில் படையினரின் துப்பாக்கிக்கு மக்கள் பலியாயினர். அத்தகைய போராட்டங்களுக்குப் பின்னரே, 1935இல், விளைந்த இடத்தின் பெயரைக் காக்கும் முறை அந்நாட்டில் முழு உருப்பெற்றது. இடப்பெயர் என்பது அங்கு விளம்பரமாகத் தொடங்கவில்லை. உழவரின் கண்ணீரிலிருந்து பிறந்தது.

அதே நாட்டின் பர்கண்டிப் பகுதியில் 1098இல் சீத்தோ மடம் தோன்றியது. அதன் துறவியர் தம் கையால் கொடி நட்டு, எந்தத் துண்டு நிலத்தில் எந்தச் சுவை விளைகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்தனர். பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் நிலங்களைப் பறித்துக்கொண்டது. ஆனால் அவர்கள் கண்டறிந்த நுட்பத்தை உழவர் காத்தனர். தனித்தனிப் பெயர் கொண்ட 1,247 நிலத்துண்டுகளை உள்ளடக்கிய அப்பகுதியை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அங்குள்ள போன் நகரில் ஏழை நோயாளருக்காக 1443இல் எழுப்பப்பட்ட மருத்துவமனைக்குப் பக்தர்கள் திராட்சைத் தோட்டங்களைத் தானமாக அளித்தனர். அவற்றில் விளையும் இரசம் 1859 முதல் நவம்பர் மாதங்களில் ஏலம் விடப்பட்டு, அத்தொகை நோயாளர் பணிக்குச் சென்று வந்திருக்கிறது. சனவரி 22இல் விழாக் காணும் புனித வின்சென்ட் அந்த உழவர்களின் பாதுகாவலர். அவர் பெயரால் ஊர்தோறும் சங்கங்கள் அமைந்தன. ஓர் உழவர் நோயுற்றுப் படுத்தால், சங்கத்தார் அவர் தோட்டத்தில் இறங்கி அவருக்காக உழைத்தனர். பலிபீடத்திலிருந்து பிறந்த மரபு அயலாருக்கான அன்பாக நிலைபெற்றது இப்படித்தான்.

ஆனால் அந்நாட்டையும் நாம் கண்மூடிப் புகழ வேண்டியதில்லை. 1141இல் பெண் துறவியர் வாங்கி நூற்றாண்டுகள் பேணிய 'குளோ த தார்' என்னும் தோட்டம், 2017இல் உலகப் பெருஞ்செல்வர் ஒருவரின் குடும்ப நிறுவனத்துக்குக் கைமாறியது. பெயர் புகழ் பெற்றதும் நிலம் உழவருக்கு எட்டாக் கனியாகும் ஆபத்தும் உண்டு என்பதற்கு அது சான்று. நம் பள்ளத்தாக்கில் பெயரைக் காக்கும்போதே, அந்தப் பெயருக்கு உரிய மக்களையும் காக்க வேண்டும்.

கிண்ணம் நம்மைக் கேட்கிறது

இதுவரை பிறரோடு வழக்காடினோம். இனி நம்மோடு.

காணிக்கை வேளையில் குரு கிண்ணத்தை உயர்த்தும்போது, கொடி தந்த கனியையும் அதில் கலந்த மனித உழைப்பையும் சேர்த்தே இறைவன்முன் வைக்கிறார். யாருடைய உழைப்பு அது? எந்தப் பந்தலின் கனி? நம்மில் எத்தனை பேர் என்றாவது கேட்டிருக்கிறோம்? திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, இரசம் திராட்சைக் கனியினின்று வந்த இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2017 ஜூனில் திருவழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடல், அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் தரம் என்ன என்பதில் விழிப்பாயிருக்கும்படி நினைவூட்டியது. விழிப்பு என்பது வேதியியல் ஆய்வோடு முடிந்துவிடுமா? அந்தக் கனியைப் பறித்த பெண்ணுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று கேட்பதும் விழிப்புத்தானே!

பலிபீடத்துக்குத் தேவையான இரசம் மிகச் சிறிதளவு. அதை வாங்கிவிட்டால் 2,000 ஏக்கரும் வாழ்ந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் திருச்சபை எதைத் தன் பீடத்தில் வைக்கிறதோ அதை மதிக்கிறது என்று மக்கள் அறிந்துகொள்வர். நம் மறைமாவட்டங்கள் தங்கள் கிண்ணத்தின் இரசம் பிறந்த ஊரைக் கேட்டறியட்டும். தகுந்த முறையிலும் உரிய அனுமதியோடும் செய்யக்கூடுமானால் நம் பள்ளத்தாக்கின் கனிக்கு முதலிடம் தரட்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் பங்கு விழாவிலும் நாம் பருகும் வண்ணச் சர்க்கரை நீருக்குப் பதிலாகப் பன்னீர் திராட்சைச் சாறு இருக்கட்டும். நம் சமூகப்பணி மையங்கள் உழவர்களைக் கூட்டிப் பயனர் பதிவுக்கு வழிகாட்டட்டும். கூட்டுறவாகச் சாறு ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் அமைக்கத் தோள் கொடுக்கட்டும்.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் நம் இறைமக்கள் நிலம் உடையோராகவும் கூலி உழைப்போராகவும் வாழ்கின்றனர். நிலம் உடையோரிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையில், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு நாள் வாழ்வுக்கான கூலியைத் தந்தார் அந்த உரிமையாளர். வியாபாரி நம்மை ஏமாற்றுகிறான் என்று குமுறும் நாம், பந்தலுக்குக் கீழே கழுத்து நோக அண்ணாந்து நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன தருகிறோம்? கைக்கவசமும் முகக்கவசமும் இன்றி மருந்து தெளிக்கும் இளைஞனின் நுரையீரலைப் பற்றி நமக்குக் கவலை உண்டா? அளவு மீறித் தெளித்த நஞ்சு அவனையும் கெடுக்கும். நாம் காக்க விழையும் பழத்தின் நற்பெயரையும் கெடுக்கும். உள்ளே அநீதி இருக்குமாயின் வெளியே நீதி கேட்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? எசாயா பாடிய திராட்சைத் தோட்டத்திலும் தோட்டக்காரர் எதிர்பார்த்தது நீதியையே. கிடைத்ததோ முறைப்பாட்டின் கூக்குரல்.

நாபோத்தின் தோட்டம் பறிபோனபின் ஆகாபு மகிழ்வோடு அதைப் பார்வையிடச் சென்றான். அவ்வேளையில் இறைவாக்கினர் எலியா அவனைச் சந்தித்தார். அரண்மனையின் அரியணை முன்பாக அன்று; கொன்று கைப்பற்றிய அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே. ஒரு கொடி பிடுங்கப்பட்டால் அந்தக் கொடி நின்ற இடத்திலேயே இறைவனின் கேள்வி காத்திருக்கும் என்பது விவிலியம் நமக்குச் சொல்லும் செய்தி. கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்கள் இன்னும் நிற்கின்றன. கற்கால்கள் மட்டும் நிற்கும் ஒரு நாளில் நாம் அங்கே போய், இங்கேதான் ஒரு குரு கொடி நட்டார் என்று நினைவுக்கல் எழுப்புவதில் பொருளில்லை. கனி தொங்கும்போதே போவோம். விலை கேட்கும் முன் உழைத்தவரின் நலம் கேட்போம்.